எழுபத்தைந்தில் நின்ற தெர்மாமீட்டர்

அக்டோபர் 27, திங்கள்

கோபம் வந்தால் கத்தாமல் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டர் கல்பகம். எனக்குப் பிரஷர் நூற்றறுபது. நாற்பத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

இன்றைய கோபம் ரோட்டின்மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு வரும் மலைப்பாதையில் மண் சரிந்து, நாலு நாளாக லாரி எதுவும் ஏறவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு வரவேண்டிய ஸ்பிரிட் கேன்கள் கீழே குடோனில் தூங்குகின்றன. காயம் துடைக்கிற ஸ்பிரிட் இல்லை இது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காதது. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்கிறார் கண்டக்டர். தீப்பிடிக்குமாம். பிடிக்கும்தான், ஆனாலும் எரிச்சலாக இருக்கிறது.

ஸ்பிரிட் இல்லாமல் எங்களுக்கு வேலையே ஓடாது. நோயாளி உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் புதைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுத்தால்தான் டாக்டர் கல்பகம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வார். சதையில் இருப்பது பாதிக்குமேல் தண்ணீர். தண்ணீருக்கும் மெழுகுக்கும் ஜென்மப் பகை. அதனால் ஸ்பிரிட்டில் படிப்படியாக முக்கித் தண்ணீரை வெளியேற்றி, பிறகு ஸ்பிரிட்டோடும் மெழுகோடும் ஒத்துப்போகிற சைலீன் என்ற திரவத்தில் போட்டு, பிறகு மெழுகு. கடைசி ஸ்பிரிட்டில் தண்ணீர் இருந்தால் போச்சு.

உபயோகித்த பழைய ஸ்பிரிட் எட்டு லிட்டர் கிடக்கிறது. அதையே காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். "உங்களால முடியுமா?" என்றார். கேட்டாரே ஒரு கேள்வி! பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் நான் காலேஜ் முதல்.

மழை. மூன்று நாளாகத் துணி காயவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

வடித்துவிட்டேன்!

பள்ளிக்கூடத்திலிருந்து கடன் வாங்கிய உருண்டைக் குடுவை, அதன்மேல் கண்ணாடி மணி நிரப்பிய நெட்டைக் குழாய், உச்சியில் தெர்மாமீட்டர், பக்கத்தில் ஆவியைக் குளிர வைக்கும் குழாய். கீழே மின்னடுப்பு. ஹசீனா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். லேபில் என்னோடு வேலை பார்ப்பவள், முப்பத்து மூன்று வயது, ஆயிரம் கேள்வி கேட்பாள்.

"தண்ணியும் ஸ்பிரிட்டும் ஒண்ணா கலந்து கெடக்கு. எப்படிக்கா பிரியும்?"

"சூடாக்கினா ரெண்டும் ஆவியாகப் பார்க்கும். எது சீக்கிரம் கொதிக்குதோ அதோட ஆவி நிறைய மேல வரும். ஸ்பிரிட் எண்பத்திரண்டு டிகிரி, தண்ணி நூறு. வர்ற ஆவி இந்த மணி மேல பட்டுப் பட்டு ஏறுறப்ப தண்ணி குளிர்ந்து கீழ விழுந்துரும், ஸ்பிரிட் மட்டும் உச்சிக்கு வரும்."

"நம்ம ஊர்ல நூறுல கொதிக்காதே?"

புத்திசாலிதான். இங்கே ஆறாயிரம் அடி உயரம். காற்று மெலிசு. மேலே உட்கார்ந்து அமுக்குகிற காற்று குறைந்தால், தண்ணீர் கொஞ்சச் சூட்டிலேயே திமிறிக்கொண்டு கிளம்பிவிடும். கோத்தகிரியில் தண்ணீர் தொண்ணூற்று நாலில் கொதிக்கும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தெரியும். ஆறு டிகிரி கழித்தால் ஸ்பிரிட்டுக்கு எழுபத்தாறு.

தெர்மாமீட்டர் எழுபத்தைந்தில் வந்து நின்றது. நின்றது என்றால் நின்றதுதான், ஒரு மணி நேரம் ஆடவில்லை, அசையவில்லை. கலவையாக இருந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரே பொருள் வந்தால்தான் ஒரே இடத்தில் நிற்கும். ஒரு டிகிரி குறைவுக்கு ஹசீனா முகம் சுளித்தாள். "மலையில எல்லாமே கொஞ்சம் முன்னாடியே கொதிக்கும்டி, என் மண்டை உட்பட" என்றேன். சிரித்தாள். ஆறு லிட்டர் பளிங்காக இறங்கியது.

ஆம்புலன்ஸ் டிரைவர் கோதண்டம் ஜன்னலில் தலையை நீட்டினார். "என்னங்க டீச்சரம்மா, சாராயமா? எனக்கு ஒரு கிளாஸ் எடுத்து வைங்க." எல்லாருக்கும் பாடம் எடுக்கிறேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. அந்த மனுஷனுக்கு எப்போதும் விளையாட்டு. இருமிக்கொண்டே போனார்.

அக்டோபர் 30, வியாழன்

கோதண்டத்தின் எக்ஸ்ரேயைப் பார்த்தேன். வலது நுரையீரலின் ஓரத்தில், விலா எலும்பை ஒட்டி எலுமிச்சம்பழ அளவில் ஒரு வெள்ளை. ஸ்கேனிலும் அதே. சளிப் பரிசோதனை மூன்று தடவையும் ஒன்றும் காட்டவில்லை. காசநோயாக இருக்கலாம், புற்றாக இருக்கலாம். ஒன்றென்றால் ஆறு மாதம் மாத்திரை. மற்றதென்றால், அதை எழுத மனசு வரவில்லை. நாளைக்கு ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கிறார்கள்.

பதினெட்டு வருஷமாகப் பீடியை விடுங்கள் விடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். மனைவி போன பிறகு சொல்வதற்கு ஆளில்லாத மனுஷன். நான் யார் சொல்வதற்கு?

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

துணுக்கு எடுத்தாயிற்று. நூல் போல இரண்டே இரண்டு, நகத்துணுக்கு நீளம். எடுத்த கையோடு நுரையீரலிலிருந்து காற்று கசிய ஆரம்பித்துவிட்டது. மூச்சு முட்டி, கோதண்டத்தின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது; சர்ஜன் அவர் நெஞ்சில் குழாய் போட்டார். கோதண்டம் போட்ட சத்தம் லேப் வரைக்கும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

"இன்னொரு தடவ இந்த மனுஷன குத்தக் கூடாது" என்று சர்ஜன் டாக்டர் கல்பகத்திடம் சொன்னார். "இருக்கறத வச்சுப் பாருங்க."

துணுக்கை ஹசீனாதான் வாங்கி, சதை அழுகாமல் காக்கிற ஃபார்மலினில் போட்டாள். நான் அப்போது வார்டு வாசலில் நின்றிருந்தேன்.

நவம்பர் 1, சனி

காலையில் துணுக்குகளை ஸ்பிரிட்டிலிருந்து சைலீனுக்கு மாற்றும்போது ஹசீனா கூப்பிட்டாள். "அக்கா, சைலீன் கலங்குது பாருங்க. பால் கலந்த மாதிரி இருக்கு."

"டப்பாவச் சரியா கழுவியிருக்க மாட்ட. வேலையப் பாரு" என்றேன். கத்தவில்லை. கொஞ்சம் கத்தினேன்.

மெழுகுக் கட்டி தயார்.

நவம்பர் 3, திங்கள்

கட்டி சீவ வரவில்லை. மெழுகு ஒழுங்காகச் சீவுகிறது. நடுவில் இருக்கும் துணுக்கு மட்டும் பிய்ந்து, கூழாகி, ஓட்டை விழுகிறது. பிளேடு மாற்றினேன். ஐஸில் வைத்துப் பார்த்தேன். மெழுகு போன மாதம் கம்பெனி மாறியது, அந்தக் குப்பை மெழுகுதான் காரணம். டாக்டரிடம் அப்படித்தான் சொன்னேன்.

"போன வாரம் வந்த கர்ப்பப்பையும் கொஞ்சம் மெதுமெதுன்னுதான் இருந்துச்சு. அது பெரிய துண்டு, ஒப்பேத்திட்டேன்" என்றார் டாக்டர். "இது ரெண்டே நூல், செசிலியா. மெழுக உருக்கி எடுத்துட்டு, மறுபடி முதல்லேர்ந்து பண்ணிப் பாருங்க."

நவம்பர் 4, செவ்வாய்

மறுபடி எல்லாப் படியும் செய்தேன், நானே, என் கையால், என் ஸ்பிரிட்டில்.

நவம்பர் 5, புதன்

முன்னைவிட மோசம். ஒரு துணுக்கு பாதிக்குமேல் போய்விட்டது.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் உட்கார வைத்தார். ரெண்டு தடவை செய்தும் வராவிட்டால் துணுக்கே கெட்டுப்போயிருக்கும், ஃபார்மலினில் போடத் தாமதமானால் அப்படித்தான் அழுகும், அன்றைக்கு யார் வாங்கினார்கள் என்று கேட்டார்.

"நாந்தான் டாக்டர். அஞ்சு நிமிஷத்துல போட்டுட்டேன்" என்றாள் ஹசீனா.

டாக்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, மதியம் தொழுகைக்கு அவள் ஸ்டோர் ரூமுக்குப் போவாள் என்று சொன்னேன். நடந்ததைத்தான் சொன்னேன். வெள்ளிக்கிழமை போவாள்தானே. தாமதமானது என்று நான் சொல்லவேயில்லை.

"துணுக்க போட்டுட்டுத்தான் போனேன்க்கா" என்றாள். டாக்டரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னாள். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பாதை திறந்து லாரி வந்துவிட்டது. புது ஸ்பிரிட் நாலு கேன், சீல் உடைக்காமல். ஹசீனாவுக்கு மெமோ வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். கோதண்டத்துக்கு மறுபடி ஊசி போடுவது என்று முடிவாகிவிட்டது, திங்கள் காலை பத்து மணி. குழாயோடு மலை இறக்கிக் கோயம்புத்தூர் அனுப்ப முடியாது, இங்கேதான் செய்தாக வேண்டும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

காண்டீனில் ஹசீனா எல்லார் காதிலும் விழும்படி, "அக்கா வடிச்ச ஸ்பிரிட்ட யாராவது டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்களா?" என்றாளாம். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. இதோ, இப்போதே நிரூபிக்கிறேன் என்று மயில்துத்தத்தை எடுத்தேன். இங்கே தோட்டங்களில் மருந்தடிக்கிற அதே நீலக் கல். அதை வறுத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் போய் வெள்ளைப் பொடியாகும். தண்ணீர் பட்டால் திரும்ப நீலமாகும். பத்தாம் வகுப்புப் பாடம்.

புது ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை போட்டேன். வெள்ளையாகவே கிடந்தது.

என் ஸ்பிரிட்டில் போட்டேன்.

நீலம்.

இன்னொரு தடவை போட்டேன். நீலம். கதவைத் தாழ் போட்டுவிட்டு, ஒரு லிட்டரை மறுபடி வடித்தேன். மறுபடி எழுபத்தைந்தில் கெட்டியாக நின்றது, மறுபடி நீலம். புது ஸ்பிரிட்டை அதே குடுவையில் கொதிக்க வைத்தால் எழுபத்தேழில் நிற்கிறது.

காலேஜ் புத்தகத்தைப் புரட்டினேன். நான் அடிக்கோடு போட்டுப் படித்த பக்கம்தான். சில கலவைகளை ஒரு அளவுக்குமேல் காய்ச்சிப் பிரிக்க முடியாது. ஸ்பிரிட் எட்டில் ஒரு பங்கு தண்ணீரைக் கையோடு பிடித்துக்கொண்டு, தனியாகக் கொதிப்பதைவிட ரெண்டு டிகிரி முன்னாலேயே, ஒரே பொருளைப் போல ஒரே சூட்டில் கொதிக்கும். கொதிக்கிற கலவையிலும் வருகிற ஆவியிலும் தண்ணீர் ஒரே அளவு. எத்தனை தடவை வடித்தாலும் அதேதான். அந்த ரெண்டு டிகிரியையும் மலையின் தலையில் கட்டிவிட்டு நான் சிரித்திருக்கிறேன். தெர்மாமீட்டர் நின்றால் சுத்தம் என்று பாடம் வேறு நடத்தினேன்.

துணுக்கு அழுகவில்லை. தண்ணீர் போகவில்லை, அதனால் மெழுகு உள்ளே இறங்கவில்லை, அவ்வளவுதான். மிச்சமிருக்கிற ஒன்றரை நூலைப் புது ஸ்பிரிட்டில் போட்டால் இன்னும் பிழைக்கும்.

சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

தலைவலி. டாக்டர் கல்பகம் காலையில் மீட்டிங்கில் இருந்தார். மாலையில் சீக்கிரம் போய்விட்டார்.

மதியம் கோதண்டத்தைப் பார்த்தேன். ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். போய்ப் பேசினேன். போட்டுவிட்டார்.

இரண்டு கிலோ கேரட் வாங்கினேன், எதற்கு என்று தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

ஒன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றுவிட்டு, என் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்? அவரா துணுக்கைச் சீவப் போகிறார்?

யோசித்து யோசித்துப் பார்த்தேன். சொன்னால் என் வேலை போகும். போகட்டும் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது? சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த ஊசி. சர்ஜன் கெட்டிக்காரர், ஒன்றும் ஆகாது. ஆகலாம். உதடு நீலம் பாய்ந்ததே.

சேசுவே.

நவம்பர் 10, திங்கள்

ஒன்பதே முக்காலுக்குக் கோதண்டத்தை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் வராந்தாவில் ஓடினேன். பதினெட்டு வருஷத்தில் இந்த ஆஸ்பத்திரியில் நான் ஓடியது இதுதான் முதல் தடவை. சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், குத்தாதீங்க! துணுக்கு நல்லாத்தான் இருக்கு. நான் வடிச்ச ஸ்பிரிட்லதான் தண்ணி."

டாக்டர் கல்பகம் ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், எழுபத்தைந்து, எழுபத்தேழு, மயில்துத்தம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்ப டெஸ்ட் பண்ணீங்க?"

"இன்னைக்குக் காலைலதான் டாக்டர்."

அப்படித்தான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இன்னைக்காவது தோணுச்சே என்று சர்ஜன் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஊசி நின்றது. ஹசீனாவின் மெமோவை டாக்டர் அங்கேயே கிழித்தார். அந்த வாரத்தில் வந்த மற்ற பதினோரு துணுக்குகளையும் திரும்பச் செய்யவேண்டும் என்றார். "கோதண்டத்தோடத ஹசீனா பண்ணட்டும். நீங்க தொடவேண்டாம்." சரிதான். நியாயம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழைய ரிஜிஸ்டர்களுக்கு அட்டை போட்டேன். ஹசீனா உள்ளே. புது ஸ்பிரிட்டில் மூன்று தடவை மாற்றினாள். சைலீன் கலங்கியதா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஸாரி சொன்னேன். "ம்" என்றாள். நான் கேட்டதற்கு அவள் கொடுத்தது அவ்வளவுதான்.

நவம்பர் 12, புதன்

சீவும் கருவியின் சக்கரம் சுற்றுகிற சத்தம் கதவு வழியே வந்தது. நின்றது. மறுபடி சுற்றியது. நான் ஜெபமாலையைத் தேடினேன், வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், விரலை எண்ணி ஜெபித்தேன். பதினோரு மணிக்குக் கதவு திறந்தது.

"வந்துருச்சுக்கா. ஓட்டையில்லாம வருது" என்றாள் ஹசீனா. அவள் கண்ணில் தண்ணீர். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

நவம்பர் 13, வியாழன்

காசநோய். புற்று இல்லை. டாக்டர் கல்பகம் ரெண்டு தடவை பார்த்து, கோயம்புத்தூருக்குப் படம் அனுப்பிக் கேட்டு, உறுதி செய்துவிட்டார். ஆறு மாதம் மாத்திரை, பிறகு அந்த மனுஷன் எப்போதும்போல ஹார்ன் அடித்துக்கொண்டு மலை ஏறலாம் இறங்கலாம்.

நானே போய்ச் சொல்ல ஆசைப்பட்டேன். டாக்டர் விட்டார். முகமூடி போட்டுக்கொண்டு போனேன். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"டிபிதானாம். பொழச்சீங்க" என்றேன்.

"கேள்விப்பட்டேன். நர்ஸம்மா அப்பவே சொல்லிருச்சு." சிரித்தார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டார். "ஒரு விஷயம் கேக்கோணும். வெள்ளிக்கிழம வந்து பேசுனீங்க. இங்க, இதே ஸ்டூல்ல உக்காந்து. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன், தைரியமா போடுங்கன்னு சொன்னீங்க. என்னால குனிய முடியலன்னு தாளப் புடிச்சுக்கிட்டதே நீங்கதான். அந்தத் தாளு ஆடுச்சுங்க."

நான் முகமூடியைச் சரிசெய்துகொண்டேன்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டருக்கே தெரியாது. இந்த நோட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவார், நம்பத் தயாராக இருந்தார், அது முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்த மனுஷனைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். இதை எங்கேயாவது எழுதவேண்டும் என்றால் இங்கேதான் எழுத முடியும்.

"தெரியும்" என்றேன். "வியாழக்கிழமையே தெரியும்."

அவர் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கேலியாவது செய்வார் என்று காத்திருந்தேன்.

"சரிங்க மேடம்" என்றார். அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டதே கிடையாது. "போறப்ப ஹசீனாவ வரச்சொல்லுங்க. மாத்திரை எதெது எப்பெப்ப சாப்பிடோணும்னு அது சொல்லட்டும்."

போய் ஹசீனாவிடம் சொன்னேன். பிறகு டாக்டர் கல்பகத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.